கள்ளிமேட்டுச் சந்தையில் நாலுவிரலார்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கள்ளிமேட்டில் மாட்டுச் சந்தை கூடும். ஆறேகாலுக்கெல்லாம் அங்கே நிற்கிற அத்தனை பேர் செல்போனுக்கும் புத்தி பேதலித்துவிடும். மேப்பில் நீலப் புள்ளி ஒரு இடத்தில் நிற்காது. சந்தை நடுவில் எருமை வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை அது முதல் நிமிஷம் தெப்பக்குளத்தில் கொண்டுபோய் முக்கும், மறு நிமிஷம் அங்கிருந்து தூக்கி மூன்று மைல் தள்ளி ஒரு கோழிப்பண்ணைக் கூண்டுக்குள் போடும், மூச்சு வாங்குவதற்குள் மேற்கே கரட்டு உச்சியில் ஏற்றி நிறுத்தும், அங்கும் திருப்தி இல்லாமல் ஆற்றுக்கு அக்கரையில் யாரோ ஒருத்தர் வீட்டுக் குளியலறையில் இறக்கிவிடும். பாலக்காட்டிலிருந்து மாடு வாங்க வருகிற லாரிக்காரர்கள் மேப்பை நம்பி ஒரு கல்யாண மண்டபத்துக்குள் வண்டியை விட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்த கதையெல்லாம் உண்டு.

விவரம் தெரிந்தவர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள். சந்தையில் பதினேழு புளியமரம் இருக்கிறது, இலை அடர்த்தி. மேற்கே கரடு பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. நாலு பக்கமும் தகரக் கொட்டகை. இதற்குள் சிக்னல் எப்படி ஒழுங்காக வந்து சேரும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே புளியமரமும் அதே கரடும் அதே தகரமும் புதன்கிழமையும் அங்கேதான் இருக்கின்றன. புதன்கிழமை போய்ப் பாருங்கள், புள்ளி கட்டிப்போட்ட கிடேரி மாதிரி நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே காரணம் மரமும் இல்லை, மலையும் இல்லை. காரணம் துளசிமணியின் துண்டு.

துளசிமணி அந்தச் சந்தையின் ஒரே பொம்பளைத் தரகர். பிறந்த வீட்டுத் தொழிலும் இல்லை, புகுந்த வீட்டுத் தொழிலும் இல்லை. இருபத்தெட்டு வயதில், சினை மாடு என்று சொல்லி ஒருத்தன் அவள் தலையில் ஒரு மலட்டு மாட்டைக் கட்டினான். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டுப் பத்து மாசம் காத்திருந்து, பிறக்கப்போகிற கன்றுக்குப் பெயர்கூட வைத்துவிட்டு, கடைசியில் அந்த மாடு அவள் முகத்துக்கு நேராக ஏப்பம் விட்ட அன்றைக்கு அவளுக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அடுத்த செவ்வாய் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து விற்றவனைத் தேடினாள். அவன் கிடைக்கவில்லை, அவனைப் போல நாற்பது பேர் கிடைத்தார்கள். அந்த நாற்பது பேரிடமும் ஏமாந்து, திட்டு வாங்கி, திருப்பித் திட்டி, மாட்டுப் பல்லைப் பார்க்கப் படித்து, ஆளின் பல்லைப் பார்க்கவும் படித்து, இருபத்திரண்டு வருஷத்தில் நாலாவது புளியமரத்தடியில் ஆறடி இடத்தைத் தன் இடமாக்கிக்கொண்டாள். அவள் பேரில் பட்டா எழுதின நிலம் ஊரில் ஒரு சென்ட் கிடையாது; அந்த ஆறடியில் அவளைக் கேட்காமல் ஒரு காக்காய் வந்து உட்காராது.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. மாட்டின் பெருமையை வாயால் பேசலாம், மாட்டின் குறையைப் பேசலாம், மழையைப் பேசலாம், மருமகளைப் பேசலாம்; விலை மட்டும் துண்டுக்குள். விற்கிறவர் பக்கம் ஒரு கை, வாங்குகிறவர் பக்கம் ஒரு கை, இரண்டையும் மூடி ஒரு துண்டு. ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், இரண்டைப் பிடித்தால் இரண்டாயிரம், ஐந்தையும் சேர்த்து அமுக்கினால் ஐயாயிரம். அது எத்தனை பத்தாயிரத்துக்கு மேலே என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்தில் ஒட்டி நிற்கிற பெண்டாட்டிக்குத் தெரியாது, எதிர்க்கொட்டகைத் தரகனுக்குத் தெரியாது, மேலே பறக்கிற பருந்துக்கும் தெரியாது. இந்த உலகத்தில் மேலேயிருந்து பார்த்தால் தெரியாத இடம் என்று கடைசியாக மிஞ்சியது அந்தத் துண்டுக்கு அடியில் இருக்கிற ஒரு முழம்தான்.

ஐப்பசி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தூறல் விட்ட பிறகு, துளசிமணி ஒரு மயிலைப் பசுவுக்குச் செங்கோடனோடு துண்டு போட்டிருந்தாள். செங்கோடன் அந்தச் சந்தையிலேயே மூத்த தரகர், அவளுக்கு முதல் எதிரி, அவள் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து வாழை கட்டியவர். இவள் நாலு விரலைப் பிடித்தாள், அவர் இரண்டைப் பிடித்தார், இவள் மூன்றே முக்காலுக்கு இறங்கலாமா என்று யோசிக்கிற நேரத்தில் மூன்றாவதாக ஒரு கை உள்ளே வந்தது. சார்ஜில் போட்ட செல்போன் மாதிரி இளஞ்சூடாக இருந்தது. விரல் நாலுதான் இருந்தது. அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, ஆசையாகவும் கூச்சமாகவும், ஒரு தடவை அமுக்கியது.

துளசிமணி கத்தவில்லை, துண்டை உதறவில்லை. அவளுக்கு வந்தது கோபம். மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரவில்லை, பல்லைப் பார்க்கவில்லை, சுழி பார்க்கவில்லை, எடுத்த எடுப்பில் கையை நீட்டி ஒன்று என்கிறான், எவன் இவன்? அந்தக் கையின் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து நெட்டி முறிகிற மாதிரி ஒரு நெரி நெரித்தாள். கை வலியில் துள்ளி, உடனே நாலுக்கு ஒத்துக்கொண்டது. செங்கோடன் துண்டுக்குள் மெதுவாகத் துழாவி மணிக்கட்டு வரைக்கும் போனார், அதற்கு மேலே முழங்கை அகப்படவில்லை, காற்றுதான் சில்லென்று இருந்தது.

"அம்மணி, ஆரோ புது வியாபாரி" என்றார்.

"புதுசாத்தான் இருக்கோணும். மொதல் வெலைக்கே தலையாட்டுதே, கூறு கெட்டது" என்றாள் துளசிமணி.

அன்றைக்கு அந்தக் கை ஒவ்வொரு துண்டாகப் பூவுக்குப் பூ வண்டு போகிற மாதிரி போய், சொன்ன விலைக்கெல்லாம் சரி சொல்லி, பதினொரு உருப்படி வாங்கிவிட்டது. வாங்கியது சரி, தலைக்கயிற்றை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா? பதினொரு மாடும் புளியமரத்தில் கட்டியபடி பொழுது சாய்கிற வரைக்கும் வானத்தைப் பார்த்து அசை போட்டுக்கொண்டிருந்தன. அப்புறம் உடையவர்களே முனகிக்கொண்டு அவிழ்த்து ஓட்டிப்போனார்கள். அன்றைக்குத்தான் சந்தையில் போன்கள் எல்லாம் முதல்முதலாக வழி தவறின. அது எதற்கு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, கை யாருடையது என்றும் யாரும் மாந்திரீகனிடம் போகவில்லை. அடுத்த செவ்வாய் தரகர் சங்கம் கூடி ஒரே ஒரு தீர்மானம் போட்டது: பேரம் பேசலாம், வாங்கக் கூடாது.

அதோடு நாலுவிரலார் சந்தையின் ஆள் ஆகிவிட்டார். சுங்கம் வசூலிக்கிற ஆறுச்சாமி, வியாபாரம் பேசுகிற கை எதுவானாலும் நுழைவுச் சீட்டு எடுத்தே தீர வேண்டும் என்று ஒரு வாரம் ரசீதுப் புத்தகத்தோடு துண்டு துண்டாகத் துரத்தினார். கடைசியில் கோயில் காளைக்குச் சுங்கம் கிடையாது என்கிற பழைய விதியில் அவரையும் சேர்த்து, சேர்த்ததற்குத் தன்னையே பாராட்டிக்கொண்டார். ஆணா, பெண்ணா என்று டீக்கடையில் இரண்டு கட்சி இருந்தது. வளையல்காரி ஒருத்தி துண்டுக்குள் ஆறு வளையல் போட்டு விட்டாள். அடுத்த வாரம் அவையெல்லாம் கோழிப்பண்ணையில் கிடைத்தன. கை வறண்டிருக்கிறது என்று யாரோ விளக்கெண்ணெய் தடவினார்கள், அன்றைக்கு முழுக்க எல்லார் துண்டும் பிசுபிசுத்தது.

வாங்க முடியாது என்று ஆன பிறகு அவர் நிதானமாகப் பேரம் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தது யாரும் இல்லை, நெரிபட்டுத் தானாக வந்த படிப்பு. அவரிடம் ஒரு பெரிய தொந்தரவும் இருந்தது. எந்த மாடு எங்கெங்கே நடந்தது என்பது அவருக்கு அடி சுத்தமாகத் தெரியும். "நேத்து வரைக்கும் காங்கேயத்துத் தோட்டத்துல மேஞ்ச மாடுங்க" என்று ஒருத்தன் அளந்துவிட்டால், அது போன வாரம் மூன்று சந்தையில் விலை போகாமல் திரும்பிய மாடாக இருந்தால், துண்டுக்குள் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும். கிள்ளு வாங்கியவன் சந்தை நடுவில் ஐயோ என்று அலறுவான், எல்லாரும் சிரிப்பார்கள், விலை தானாக இறங்கும். ஆனால் மாட்டின் பல்லைப் பற்றியோ பாலைப் பற்றியோ அவருக்கு ஒரு இழவும் தெரியாது. அதனால் கள்ளிமேட்டில் ஊர் விஷயத்தில் அரிச்சந்திரனாகவும் பால் விஷயத்தில் பழையபடியும் இருப்பது என்று ஒரு நாகரிகம் வந்தது. மாட்டோடு மாடாக, மனிதரோடு மனிதராக, இப்படியே அவர் கை காய்த்துப்போகிற வரைக்கும் நடந்திருக்கும், அந்தக் கடுதாசி வராமல் இருந்திருந்தால்.

சர்க்காரிடமிருந்து கடுதாசி மாசியில் வந்தது. எல்லாச் சந்தையையும் கணினியில் ஏற்றுகிறார்களாம். ஏற்றாத சந்தை செல்லாதாம். செல்லாத சந்தையை இருபது கிலோமீட்டர் தள்ளி, புறவழிச்சாலை ஓரத்தில் கட்டியிருக்கிற புதுக் கூடத்தோடு சேர்த்துவிடுவார்களாம். துளசிமணி பஸ் ஏறிப் போய் அந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். சிமெண்டுத் தரை, மாட்டுக்கு டோக்கன், சுவரில் பெரிய பலகை, அதில் சிவப்பு எழுத்தில் ஊருக்கே தெரிகிற மாதிரி விலை. தரகர் நிற்க இடம் எங்கே என்று கேட்டதற்கு, அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார், இங்கே தரகரே தேவையில்லை அம்மா என்று. ஆறடி இடம் போனால் அவள் எங்கே நிற்பாள்? நிற்க இடம் இல்லாத கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கட்டுவாள்?

பட்டியலை மூடுகிற கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமையாக விழுந்தது. அன்றைக்கு ஜெபமணி என்கிற அதிகாரி ஒரு போனோடு வந்து இறங்கினார். நாகர்கோவில் பக்கத்து ஆள், மென்மையான மனுஷன், இருபது வருஷ உத்தியோகத்தில் பதினாலு ஊருக்கு மாற்றலாகி, பேசும்போது எல்லா ஊர்ப் பேச்சும் கலந்து வரும். அவருக்கு வேண்டியது இரண்டு: சந்தையில் வியாபாரம் நடந்துகொண்டிருப்பதாக ஒரு போட்டோ, அந்தப் போட்டோவின் மேலேயே இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை. இவற்றையும், கூடவே தரகர் பட்டியலையும் மத்தியானம் இரண்டு மணிக்குள் ஏற்றிவிட்டால் சந்தை பிழைத்தது.

போட்டோ எடுத்தார். பின்னால் அழகாக நாற்பது துண்டு, நடுவில் மாடு. இடம் மட்டும் கோழிப்பண்ணை. மறுபடி எடுத்தார், தெப்பக்குளம். ஒரு கயிற்றுக்கட்டில் மேல் ஏறி நின்று கையைத் தூக்கி எடுத்தார், குளியலறை.

"சாட்டிலைட்டு மேல இருபதாயிரம் கிலோமீட்டர்ல சுத்துது அம்மா" என்று துளசிமணியிடம் பாவமாக விளக்கினார். "அங்கேருந்து கிளம்பி இங்க வர்றதுக்குள்ள சிக்னலுக்கு உயிரே இருக்காது. ஒரு இலை மறைச்சா சோர்ந்துரும், தகரத்துல பட்டாத் தெறிச்சு ஓடிரும். நாலு எண்ணமாவது ஒரே சமயத்துல போனைப் பாத்தாத்தான் இடம் சொல்லும்."

"நாலும் பாக்குதுங் சார்" என்றாள் துளசிமணி. "போனப் பாக்கல, மாட்டப் பாக்குது."

அப்போதுதான் அவளுக்கும் விஷயம் முழுசாக உறைத்தது. இத்தனை மாசமாக மேலே இருந்து வழி சொல்ல வேண்டிய ஆள் வேலையை விட்டுவிட்டு இங்கே துண்டுக்குள் உட்கார்ந்து எருமைக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். அவர் மேலே போனால் இடம் வரும். அவள் சந்தை நடுவில் நின்று, எல்லாரும் துண்டை எடுத்துத் தோளில் போடுங்கள் என்று ஒரு சத்தம் கொடுத்தாள். போட்டார்கள். ஒரு நிமிஷத்தில் நீலப் புள்ளி ஆடி அசைந்து வந்து சந்தைக்குள் உட்கார்ந்தது. ஜெபமணி போனைத் தூக்கினார், பார்த்தார், இறக்கிவிட்டார். வியாபாரம் எங்கே? நாற்பது பேர் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள், பஸ் வராத ஸ்டாப் மாதிரி இருக்கிறது, இதை எப்படிச் சந்தை என்று ஏற்றுவது என்றார்.

சரி, நடிக்கலாம் என்றார் செங்கோடன். துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே கையைச் சும்மா வைத்திருப்பது. பேரம் இல்லை என்றால் அவர் வர மாட்டார். போட்டோவில் எவனுக்குத் தெரியப்போகிறது? நல்ல யோசனைதான், வேறு எந்த ஊரிலாவது பலித்திருக்கும். கள்ளிமேட்டுத் தரகன் கையும் இன்னொரு தரகன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஜெபமணி கட்டில் மேல் ஏறி, ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். அதற்குள் யோசனை சொன்ன செங்கோடனே ஒரு முர்ரா எருமையை நிஜமாக விற்றுவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு கிடேரி கைமாறியது. நடிக்க வந்தவர்கள் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நெரித்துக்கொண்டிருந்தார்கள், ஆறுச்சாமி மாடே இல்லாமல் தன் ரசீதுப் புத்தகத்தை மூவாயிரத்துக்குப் பேசி முடித்திருந்தார். புள்ளி கோழிப்பண்ணைக்குப் போய்விட்டது. மணி ஒன்று பத்து.

துளசிமணி தன் துண்டை எடுத்து உதறினாள். நாலாவது புளியமரத்தடிக்குப் போய்த் தன் ஆறடியில் நின்றுகொண்டு, எதிரே யாரும் இல்லாமல், வலது கையின் மேல் துண்டைப் போட்டு வெறும் காற்றுக்கு நீட்டினாள். சந்தை முழுக்க அப்படியே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் துண்டு ஒரு பக்கம் உப்பியது. இளஞ்சூடாக நாலு விரல் வந்து அவள் கையைப் பிடித்தது.

விலை எண்ணுகிற விரல் பாஷையில் கெஞ்சுவதற்குச் சொல் கிடையாது. அதனால் அவள் வழக்கத்தை மீறி வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் எந்த வியாபாரி வந்தாலும் எடுத்தவுடன் கேட்கிற கேள்வி, இவரிடம் மட்டும் ஒருத்தரும் கேட்காமல் விட்ட கேள்வி, அவளுக்கு அப்போதுதான் வாயில் வந்தது.

"ஏனுங், நீங்க எந்தூரு?"

கையின் பிடி தளர்ந்தது. நாலு விரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற மாதிரி கொஞ்ச நேரம் தடவிக்கொண்டன. சந்து பொந்தெல்லாம் தெரிந்த கை, மாடு மேய்ந்த வரப்பெல்லாம் தெரிந்த கை, உலகத்தில் எவன் எங்கே நிற்கிறான் என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற கை, தன் முறை வந்தபோது பதில் தெரியாமல் முழித்தது.

"அட கெரகமே" என்றாள் துளசிமணி. அவள் குரல் இறங்கியதைப் பார்த்து இரண்டு மாடு தலையைத் தூக்கின. ஆனால் அவள் தரகர்; எதிராளியிடம் ஒரு குறை தெரிந்துவிட்டால் இரக்கமும் வரும், கூடவே விலையும் வரும். "ஊருன்னு ஒண்ணு இல்லாதயா இத்தன நாளா எங்ககூடப் பேரம் பேசுனீங்க? சரி, நான் தரேன். கள்ளிமேடு உங்க ஊரு. தரகர் பட்டியல்ல உங்க பேரு ஏறும், ஊரு ஏறும். ஆனா ஊரு ஒண்ணு இருந்தாத்தான அதுல நீங்க இருக்க முடியும்? இப்ப மேல போயி இது எங்க இருக்குதுன்னு அந்தப் போனுக்கு ஒரு தடவ சொல்லிப்போட்டு வாங்க."

கை யோசித்தது. பிறகு அவள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது, விட்டது, இரண்டைப் பிடித்தது. ஏழு. துளசிமணிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. வாரத்தில் ஏழு நாளும் இங்கே இருக்க வேண்டுமாம், ஊர்க்காரர் என்றால் ஊரில் இருப்பவர்தானே என்கிறார். அவள் ஒரு விரலைப் பிடித்தாள்: செவ்வாய் மட்டும். கை நாலு என்றது. அவள் ஒன்று என்றாள். நீங்கள் ஏழு நாளும் இங்கே உட்கார்ந்தால் ஆம்புலன்ஸ்காரனுக்கு யார் வழி சொல்வது, கடலில் போகிறவனுக்கு யார் சொல்வது என்று திட்டினாள். கை மூன்று என்றது, இரண்டே முக்கால் என்றது, முக்கால் நாளை எப்படிப் பிடித்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முதல் விலைக்குத் தலையாட்டிய அந்தக் கூறு கெட்ட கைதானா இது? நெரிபட்டு நெரிபட்டு எப்படித் தேறியிருக்கிறது! சந்தை போகப் போகிறது, மணி ஒன்றரை, ஆனாலும் அவளுக்குள் குதூகலம் கிறுகிறுவென்று ஏறியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கைக்கு இப்படி ஒரு ஆள் அமைந்ததில்லை. சிரித்துக்கொண்டே ஒன்று என்று அமுக்கினாள். கடைசிப் பேச்சு என்கிற அமுக்கு.

கை உருவிக்கொண்டு போய்விட்டது. துண்டு தொங்கிப்போனது.

எட்டுத் துண்டு தள்ளி இருந்து செங்கோடன் குரல் கொடுத்தார். "அம்மணி, இங்க வந்துட்டாரு. என்னைய ரெண்டு கேக்கறாரு."

பேரம் படியாமல் போகிறவனைத் துளசிமணி ஒருநாளும் திருப்பிக் கூப்பிட்டதில்லை. போகிறவன் பத்தடி போய், இவள் கூப்பிடுவாள் என்று நடையைக் குறைத்து, செருப்பைக் குனிந்து சரி செய்து, கடைசியில் தானாகத் திரும்பி வருவான். அவள் மாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். சந்தைக்கே தெரிந்த பெருமை அது. இப்போது நாற்பது தரகர்களும் மாடுகளும் பாலக்காட்டு லாரிக்காரர்களும் கட்டில் மேல் நிற்கிற அதிகாரியும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஆறடி இடத்தைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். செங்கோடன் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"சரி, வாங்க" என்றாள், சத்தமாக, சந்தைக்கே கேட்கும்படி. "செவ்வாய் பூராவும். அதோட வருஷத்துக்கு ஒரு நாள், மாட்டுப் பொங்கல். அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க ஊர்லதான் இருப்பாங்க, வழி கேக்க ஆளிருக்காது. இதுக்கு மேல ஒரு பொழுது கேட்டாலும் என்ற கிட்ட இல்ல."

துண்டு உப்பியது. நாலு விரலும் வந்து அவள் கையைக் கோத்துக்கொண்டு, படிந்தது என்கிற அர்த்தத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி, பிறகு மெதுவாக, மேல்நோக்கி, துண்டின் நடுவைக் கூடாரம் மாதிரி ஒரு சாண் தூக்கிவிட்டுப் போயின.

அப்போது நடந்ததைக் கள்ளிமேட்டில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாலு மாசமாக வழி தேடிக் களைத்துப்போயிருந்த அத்தனை போனும் ஒரே சமயத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. சட்டைப்பையிலிருந்தும் மடியிலிருந்தும் லாரி கேபினிலிருந்தும் புல்லுக்கட்டுக்கு அடியிலிருந்தும், தமிழிலும் மலையாளத்திலும், பொம்பளைக் குரலிலும் ஆம்பளைக் குரலிலும், நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள், வந்து சேர்ந்துவிட்டீர்கள், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று சந்தை பூராவும் ஒரே கோஷம். மாடுகள் மிரண்டு பிறகு மெச்சி அம்மா என்றன. நாற்பது துண்டுக்கு அடியிலும் பேரம் கொதித்துக்கொண்டிருந்தது, புள்ளி மட்டும் ஆடவில்லை. ஜெபமணி கட்டில் மேல் குதித்துக் குதித்துப் படம் எடுத்தார். படம் ஏறியது. இடம் ஏறியது. பிறகு தரகர் பட்டியல். ஒவ்வொருத்தர் பெயரும் ஊரும் கேட்டு, அவரவர் நிற்கிற இடத்தைப் போனில் பதிந்து, செங்கோடனில் ஆரம்பித்து நாற்பது பேரையும் ஏற்றி, நாற்பத்தொன்றாவதாகத் துளசிமணியை ஏற்றினார். நாலாவது புளியமரத்தடி அவள் பேருக்கு நேராக எண்களாக விழுந்தது.

"இன்னொருத்தர் இருக்காருங் சார்" என்றாள்.

ஜெபமணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மணி ஒன்று ஐம்பது. இல்லாத ஆளைப் பட்டியலில் ஏற்ற முடியாது, வேலை போய்விடும் என்று கெஞ்சினார். இல்லாத ஆளிடமா இவ்வளவு நேரம் நான் தொண்டை கிழியப் பேரம் பேசினேன், இல்லாத ஆளா உங்கள் போனைச் சரி செய்தது, வாக்குக் கொடுத்துவிட்டு மாறினால் நாளைக்கு எவன் என்னோடு துண்டு போடுவான் என்று அவள் ஆரம்பித்த வேகத்தில், பதினாலு ஊர் பார்த்த அந்த மனுஷன் பதினைந்தாவது ஊரில் தோற்றார். பெயர் என்கிற இடத்தில் நாலுவிரலார் என்று அடித்தார். ஊர் என்கிற இடத்தில் கள்ளிமேடு என்று அடித்தார். ஆளின் இருப்பிடத்தைப் பதிய வேண்டும் என்று போன் கேட்டது. துளசிமணி கையை நீட்டினாள், அவர் போனை அந்தத் துண்டின் மேல் வைத்தார். மற்ற எல்லாருக்கும் நாலு மீட்டர், ஐந்து மீட்டர் பிசகு என்று காட்டிய போன், இவருக்குப் பிசகே இல்லை என்று காட்டியது.

கடைசியாக ஒரு கேள்வி வந்தது. மேற்படி நபர் இந்த இடத்தைச் சேர்ந்தவர்தானா? ஆம், இல்லை. ஜெபமணியின் விரல் இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது. நெஞ்சறிய எதை அமுக்குவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, துளசிமணியின் துண்டின் ஒரு நுனி காற்று இல்லாமல் எழும்பி, போன் மேல் மடிந்து விழுந்தது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். துண்டை விலக்கிப் பார்த்தார்கள். ஆம் என்கிற கட்டத்தில் பச்சை டிக் விழுந்திருந்தது, பதிவு முடிந்தது என்று எழுத்து வந்திருந்தது, நீலப் புள்ளி தெப்பக்குளத்தின் நட்டநடுவில் மிதந்துகொண்டிருந்தது.

"மணி ரெண்டு கூட ஆகல, அதுக்குள்ள எறங்கி வந்தாச்சு" என்று துளசிமணி கத்தினாள். கோபமாகத்தான் கத்தினாள், கண் மட்டும் என்னவோ தண்ணீர் விட்டது. துண்டை இழுத்துச் சரி செய்துகொண்டு எதிரே நின்ற பாலக்காட்டு வியாபாரியை வாங்க என்று கூப்பிட்டாள், அவர் கையும் அவள் கையும் உள்ளே போயின, மூன்றாவதாக நாலு விரல் வந்து வசதியாக நடுவில் உட்கார்ந்து, சிவலைப் பசுவுக்கு அவள் மனசில் நினைத்திருந்ததற்கும் ஒன்று கூடுதலாகவே அமுக்கியது.